கறுப்பு இளவரசரின் கல்லறையைப் பார்ப்பது எப்படி?

இங்கிலாந்தின் கேன்டர்பரி பேராலயத்துக்குப் போகிறவர்கள் பலர் நேரே மேலே ஏறி, முலாம் பூசிய சிலையைப் படமெடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். எனக்கு அது பொறுக்காது. கறுப்பு இளவரசர் எனப்படும் எட்வர்டின் வாழ்க்கை முழுவதையும் அந்த ஓரிடத்தில் படிக்கலாம்.

முதலில் நிலவறைக்கு இறங்குங்கள். இங்கிலாந்து அரசர் மூன்றாம் எட்வர்டின் மூத்த மகனான அவர், 1376 ஜூன் 7 அன்று உயில் எழுதி, தம்மை இங்கே மாதா பீடத்தருகே அடக்கம் செய்யச் சொன்னார். மறுநாளே இறந்தார், வயது 45. அவர் நிறுவிய சிற்றாலயமும் இங்கேதான். நெருங்கிய உறவினரான ஜோனை மணக்கப் போப்பாண்டவர் தந்த அனுமதிக்குக் கைம்மாறாக எழுப்பியது. கூரையிலுள்ள பெண் முகம் ஜோனுடையது என்பார்கள். அண்ணாந்து தேடுங்கள்.

பிறகு மேலே, திரித்துவச் சிற்றாலயத்தின் தென்புறம் வாருங்கள். கேட்ட இடத்தைக் கொடுக்காமல், அன்று இங்கிருந்த புனிதர் தாமஸ் பெக்கெட்டின் திருத்தலத்தை ஒட்டி இங்கே வைத்துவிட்டார்கள். இப்போதும் முகத்தைப் பார்க்க அவசரப்படாதீர்கள். குனிந்து பக்கவாட்டுக் கேடயங்களைப் பாருங்கள். போருக்கு ஒரு வகை, அமைதிக்கு ஒரு வகை என்று மாறி மாறி வர வேண்டும் என்பது அவர் உயிலிலேயே இருக்கிறது. போர்க் கேடயத்தில் இங்கிலாந்தின் சிறுத்தைகளோடு பிரான்சின் லில்லி மலர்கள். பிரெஞ்சு அரியணை தமக்கே என்று தந்தை உரிமை கோரியதால் வந்த மலர்கள் அவை. அந்தச் சண்டையில்தான் எட்வர்ட் 16 வயதில் கிரெசிப் போர்க்களத்தில் நின்றார்; 1356இல் புவாத்தியே போரில் பிரெஞ்சு அரசர் இரண்டாம் ஜானையே சிறைபிடித்தார். அமைதிக் கேடயத்தில் கறுப்புப் பின்னணியில் மூன்று வெண்ணிற நெருப்புக்கோழி இறகுகள் மட்டும்.

சுற்றிலும் ஓடும் பிரெஞ்சு வரிகளுக்கு மொழிபெயர்ப்பை அச்செடுத்துப் போவது அவசியம். பட்டங்களும் இறந்த நாளும் முடிந்ததும் பேச்சு மாறுகிறது: நீ இருப்பதுபோல் நானும் இருந்தேன், நான் இருப்பதுபோல் நீயும் ஆவாய், நிலம், வீடு, குதிரை, பொன் எல்லாம் இருந்தன, இன்று நான் ஏழை. இந்த வரிகளில் கிரெசி இல்லை, புவாத்தியே இல்லை. 1370இல் அவர் படை சூறையாடிய பிரான்சின் லிமோஜ் நகரமும் இல்லை. அதை நாம்தான் நினைவில் வைத்துப் படிக்க வேண்டும். வீரத்தை மட்டும் போற்றிவிட்டு வருவது நியாயமில்லை.

இனி சிலை. முழுப் போர்க்கவசம், கூப்பிய கைகள், தலைக்கடியில் தலைக்கவசம், காலடியில் நாய். மேலே தொங்கும் தலைக்கவசம், கேடயம், மேலங்கி முதலியவை அவருடைய போர் உடைமைகளுக்கு 1954இல் செய்த நகல்கள். அசல்கள் எங்கே என்று பணியாளரிடம் கேட்டு அவற்றையும் பார்த்துவிடுங்கள். பஞ்சுமெத்தைபோல் திணித்துத் தைத்த அசல் வெல்வெட் மேலங்கியின் தையல் கோடுகளுக்காகவே நிதானமாக நிற்கலாம்.

புறப்படுமுன் வடபுறம் போங்கள். அங்கே நான்காம் ஹென்றி கிடக்கிறார்: எட்வர்டின் தம்பி மகன். எட்வர்டின் மகன் இரண்டாம் ரிச்சர்டிடமிருந்து 1399இல் முடியைப் பறித்தவர் அவர்தான்.