நேரத்துக்கொரு கரண்ட் கட்டணம் நம் வீட்டுக்குச் சரிவருமா?

ஹட்டன், நுவரெலியா பக்கம் பில்லை ஏற்றிவிடுவது பெரும்பாலும் சுடுதண்ணி ஹீட்டர்தான். நேரத்துக்கேற்ற கட்டணத்தில் மாலை 6.30 முதல் இரவு 10.30 வரை யூனிட் விலை மிக அதிகம், அதன்பின் விடிகாலை 5.30 வரை மிகக் குறைவு. ஆனால் வேலை முடிந்து நடுங்கிக்கொண்டு வந்து ஹீட்டர் போடுவது, சோறு வைப்பது, டீவி எல்லாமே அந்த நாலு மணி நேரத்துக்குள்தானே.

ஒரு வாரம் 6.30க்கும் 10.30க்கும் மறுபடி காலை 5.30க்கும் மீட்டரைப் பார்த்துக் காலண்டரில் எழுதுங்கள் (எங்கள் வீட்டில் பாதிக்கு மேல் மாலையிலேயே ஓடியிருந்தது, அன்றே இந்தக் கட்டணத்துக்கு மாறும் யோசனையை விட்டோம்). மாதம் 60 யூனிட்டுக்குள் எரிக்கும் வீடு இதைத் தொடவே வேண்டாம், சாதாரணப் படிமுறைக் கட்டணமே (எரிக்க எரிக்க யூனிட் விலை படிப்படியாக ஏறும் முறை) மலிவு. மின்சாரக் காருக்கு நடுச்சாமத்தில் சார்ஜ் போடுபவர்கள் என்றால், சரி, கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.