அடையாள எண்ணா? அடிக்கும் முன்பே டெக்ஸ்ட் ஆக்கிவிடுங்கள்

எக்செலில் ஊழியர் எண், கணக்கு எண், போன் நம்பர் போன்றவற்றை அடிப்பதற்கு முன்பே அந்த நெடுவரிசை முழுவதையும் தேர்ந்தெடுத்து டெக்ஸ்ட் வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள். முன்பே என்பதுதான் முக்கியம்.

எண்ணாகவே விட்டால் 00457 வெறும் 457 ஆகிவிடும். அதைவிட மோசம், எக்செல் ஓர் எண்ணில் 15 இலக்கங்களைத்தான் வைத்துக்கொள்ளும்; 16 இலக்க எண்ணை அடித்தால் கடைசி இலக்கம் சத்தமில்லாமல் 0 ஆகிவிடும். பிறகு வடிவத்தை மாற்றினாலும் போன இலக்கம் திரும்பாது. அப்புறம் இன்னொரு பட்டியலோடு ஒப்பிடும்போது அந்த வரி மட்டும் பொருந்தாமல் நிற்கும்.

தொகை, எண்ணிக்கை என்று கூட்டிக் கழிக்க வேண்டியவற்றுக்கு இது வேண்டாம். டெக்ஸ்டாக இருப்பவற்றைக் கூட்டல் சூத்திரம் (SUM) விட்டுவிடும். சிஎஸ்வி கோப்பாக (மதிப்புகளைக் காற்புள்ளியால் பிரித்து வைக்கும் வெறும் எழுத்துக் கோப்பு) சேமித்தாலும் இந்த ஏற்பாடு நிற்காது; அதில் வடிவம் சேமிக்கப்படுவதே இல்லை.