மடிப்புக் கேமராவில் 35 மி.மீ. பிலிம்: என் அனுபவம்

120 என்னும் அகலமான சுருள் பிலிமுக்கான, 6×9 செ.மீ. படம் எடுக்கும் மடிப்புக் கேமராவில் 35 மி.மீ. பிலிமைப் போட்டால், ஓரத் துளைகள் உட்பட முழு அகலத்திலும் பதிந்து ஏறத்தாழ 9 செ.மீ. நீளப் படம் வரும். நாகர்கோவில் வீட்டுப் பரணில் கிடந்த கேமராவை இப்படித்தான் மாற்றினேன்.

பிலிம் டப்பாவின் இரு முனைகளிலும் செருப்பு ரப்பரில் வெட்டிய வளையங்களைச் செருகி நடுவில் நிறுத்தினேன். 120 சுருளில் இருப்பதுபோல், பட எண்கள் அச்சிட்ட, வெளிச்சத்தை மறைக்கும் பின்தாள் 35 மி.மீ. பிலிமுக்குக் கிடையாது. ஆகவே அந்த எண்களைப் பார்ப்பதற்காகக் கேமராவின் பின்புறம் உள்ள சிவப்புச் சன்னலைக் கறுப்பு டேப்பால் அடைத்தேன். லென்ஸையும் கேமரா உடலையும் இணைக்கும் மடிப்புத் துருத்தி வேறு தொல்லை. இருட்டறையில் உள்ளே டார்ச் அடித்தால் மடிப்பு மூலைகளில் ஊசித்துளைகள் மின்னின. கறுப்புத் துணிப் பெயின்டைத் தொட்டு வைத்து, நன்றாகக் காய்ந்தபிறகே மடித்தேன்.

எண்கள் தெரியாததால், எவ்வளவு சுற்றுவது என்பதுதான் உண்மையான தலைவலி. வீணான பிலிமைப் பின்கதவு திறந்தபடி ஓட்டி, பேனாவால் குறியிட்டுப் பார்த்தேன். தொடக்கத்தில் சுமார் இரண்டரைச் சுற்று. உருளை பருக்கப் பருக்க அது குறையும். திரும்பச் சுருட்ட வழியில்லை, இருட்டில்தான் கழற்ற வேண்டும்.

விவேகானந்தர் பாறை, 133 அடி வள்ளுவர் சிலை, நடுவில் கண்ணாடிப் பாலம் எல்லாம் ஒரே படத்தில் அடங்குகின்றன. மாத்தூர் தொட்டிப்பாலத்தை அருகில் நின்று எடுத்தால் தூண்கள் வெட்டுப்படும். தள்ளி நிற்பதே நல்லது. நான் லென்ஸ் துவாரத்தை எஃப் 11 அளவைவிட அகலமாகத் திறப்பதில்லை, திறந்தால் பழைய லென்ஸின் ஓரங்கள் மங்கிவிடுகின்றன.