பிரவுசர் பியானோவில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிரவுசரில் பியானோ செய்ய உட்காருபவர்கள் பெரும்பாலும் ஆசிலேட்டரில்தான், அதாவது ஒலியலையைக் கணக்கிட்டே உருவாக்கும் பகுதியில்தான், தொடங்குகிறார்கள். பிரவுசரில் ஒலியைக் கையாளும் வசதியான வெப் ஆடியோ ஏபிஐ-யில் நாலு வரி எழுதினால் 440 ஹெர்ட்ஸ் ஒலி வந்துவிடும். அப்புறம் அதன்மேல் ஹார்மோனிக்குகளை, அதாவது அந்த அதிர்வெண்ணின் மடங்குகளில் வரும் ஒலிகளை, அடுக்கிக்கொண்டே போவார்கள். எத்தனை அடுக்கினாலும் ஆர்கன் சாயல் போகாது. பியானோவின் எஃகுக் கம்பிக்கு விறைப்பு உண்டு. அதனால் மேல் ஹார்மோனிக்குகள் அடிப்படை அதிர்வெண்ணின் சரியான மடங்குகளில் நிற்காமல், போகப்போக மேலே விலகும். தவிர, பெரும்பாலான கட்டைகளுக்கு மூன்று மூன்று கம்பிகள். அவை ஒன்றையொன்று பாதித்தபடி அதிர்வதால், ஒலி முதலில் சட்டென்று தணிந்து, பிறகு நெடுநேரம் மெல்லத் தேய்கிறது. இதையெல்லாம் கணக்கிட்டு உருவாக்க முடியும், ஆனால் அது தனி ஆராய்ச்சி. உண்மையான பியானோவில் பதிவான ஒலித்துண்டுகளை, அதாவது சாம்பிள்களை, எடுத்துக்கொள்வதே சரி. யமஹா சி5 கிராண்ட் பியானோவில் பதிவுசெய்த சாலமாண்டர் தொகுப்பு இலவசமாகவே கிடைக்கிறது.

சாம்பிள் எடுத்ததும் அடுத்த ஆசை, ஒன்றை வைத்தே 88 கட்டைகளையும் சமாளித்துவிடலாம் என்பது. ஒலிக்கும் வேகத்தை இரட்டித்தால் ஒரு ஆக்டேவ் மேலே போகும், உண்மைதான். ஆனால் சுத்தியல் கம்பியில் படும் 'டொக்' சத்தமும் சேர்ந்து கீச்சென்று ஆகிவிடும், ஒலியும் பாதி நேரத்தில் அடங்கிவிடும். சாலமாண்டரில் மூன்று அரைச்சுரங்களுக்கு ஒரு சாம்பிள் இருக்கிறது. ஆகவே எந்தக் கட்டையையும் ஒரு அரைச்சுரத்துக்கு மேல் நகர்த்தத் தேவையில்லை.

பெரிய தவறு என்று நான் நினைப்பது, விரலின் அழுத்தத்தை வெறும் வால்யூமாக நினைப்பதுதான். நடு சி-யை ஒருமுறை மெதுவாகவும் ஒருமுறை ஓங்கியும் அடித்துப் பதிவுசெய்யுங்கள். இரண்டையும் ஒரே சத்தத்துக்குக் கொண்டுவந்து கேளுங்கள். அப்போதும் எது எது என்று யாரும் சொல்லிவிடுவார்கள். சுத்தியலின் கம்பளிப் பரப்பு, வேகமாக மோதும்போது அமுங்கி இறுகுகிறது. கம்பியைத் தொட்டிருக்கும் நேரமும் குறைகிறது. அதனால் மேல் ஹார்மோனிக்குகள் அதிகம் கிளம்பி ஒலி பளிச்சென்று இருக்கும். மெதுவாகத் தொட்டால் உருண்டையாக, மங்கலாக இருக்கும். இந்த வேறுபாடு இல்லாவிட்டால், சாம்பிள் எவ்வளவு உயர்தரமாக இருந்தாலும் வாசிப்பில் உயிர் இருக்காது.

அதற்காகச் சாலமாண்டரின் 16 லேயர்களையும், அதாவது வெவ்வேறு அழுத்தங்களில் அடித்துப் பதிவுசெய்த 16 தொகுதிகளையும், அப்படியே ஏற்றிவிடாதீர்கள். சுருக்கிய கோப்பு டிகோட் ஆனபின் ஒலி 32 பிட் எண்களாக மெமரியில் உட்காரும். 44,100 ஹெர்ட்ஸில், பத்து விநாடி ஸ்டீரியோ ஒலி ஒன்றுக்கே சுமார் 3.5 எம்பி. லேயருக்கு 30 சாம்பிள் வீதம் 480 சாம்பிள்கள் என்றால் 1.7 ஜிபி ஆகிவிடும், போனில் டேப் மூடிக்கொள்ளும். மூன்று நான்கு லேயர்களை மட்டும் வைத்துக்கொண்டு, இடைப்பட்ட அழுத்தங்களுக்கு உயர் அதிர்வெண்களைக் குறைக்கும் லோபாஸ் ஃபில்டரின் எல்லையை ஏற்றி இறக்கினால் காதுக்குப் போதும். கம்ப்யூட்டர் கீபோர்டில் வாசிப்பவர்களுக்கு அழுத்தம் என்பதே கிடையாது. அவர்களுக்கு, இசைக்கருவிகளைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் மிடி முறையின் அழுத்த அளவில் 127 என்ற உச்சத்தை வைக்காமல், 80 போல நடுத்தரமாக வையுங்கள்.

கையை எடுக்கும்போது என்ன நடக்கிறது என்பதைப் பலர் யோசிப்பதே இல்லை. ஒலியைச் சட்டென்று நிறுத்தினால் அலை பாதியில் அறுந்து 'டிக்' என்று கேட்கும். உண்மையான பியானோவில் டேம்பர் என்ற அடக்கும் பட்டை கம்பியில் படிந்து, ஒரு சின்ன இடைவெளியில் அடக்குகிறது. ஒலியளவைப் படிப்படியாக மாற்றும் செட்டார்கெட்அட்டைம் கட்டளையைக் கொண்டு ஏறக்குறைய 0.1 விநாடி நேர மாறிலியில் தேயவிடுங்கள், அடிக்கட்டைகளுக்குக் கொஞ்சம் கூடுதலாக. அதற்குப் பதிலாக எக்ஸ்போனென்ஷியல் ராம்ப் கட்டளையைப் பயன்படுத்தினால் இலக்காகப் பூஜ்யம் கொடுக்க முடியாது, பிழை வரும். பியானோவின் உச்சியில் உள்ள ஏறக்குறைய ஒன்றரை ஆக்டேவுக்கு டேம்பரே கிடையாது. அந்தக் கட்டைகளை விட்டாலும் ஒலி தானாக அடங்கும்வரை ஓடட்டும். மிடி கண்ட்ரோலர் 64, அதாவது சஸ்டெயின் பெடல், அழுத்தியிருக்கும்போது விடுபட்ட கட்டைகளைக் குறித்துவைத்து, பெடல் எழும்பிய பிறகே அடக்க வேண்டும்.

மீதி எல்லாம் சில்லறைச் சிக்கல்கள், ஆனால் வாசிப்பவரை எரிச்சலூட்டுபவை. கிளிக் நிகழ்வு விரலை எடுத்த பிறகுதான் வரும், ஆகவே தொட்டவுடனே வரும் பாயிண்டர்டவுன் நிகழ்வைப் பயன்படுத்துங்கள். எம்பி3 கோப்பின் முன்னால் சிறு மௌனம் ஒட்டிக்கொள்ளும், அதை வெட்டிவிடுங்கள். கீயை அழுத்திப் பிடித்தால் நிகழ்வு திரும்பத் திரும்ப வரும், ரிப்பீட் கொடியைப் பார்த்து ஒதுக்குங்கள். பாட்டை ஓடவிடும்போது நேரத்தைத் துல்லியமில்லாத செட்டைம்அவுட் டைமரிடம் ஒப்படைக்காமல், வெப் ஆடியோவின் ஆடியோ கான்டெக்ஸ்ட் கடிகாரத்திலேயே முன்கூட்டிக் குறியுங்கள். பயனர் முதலில் தொடும்போது, ஒலியை இயக்கிவைக்கும் ரெஸ்யூம் கட்டளையை அழைக்காவிட்டால் சத்தமே வராது. பத்து விரலும் ஒரே நேரத்தில் விழுந்தால் ஒலிகளின் கூட்டுத்தொகை அனுமதிக்கப்பட்ட உச்சமான 1-ஐத் தாண்டி ஒலி கரகரக்கும். உரத்த ஒலியை அமுக்கும் கம்ப்ரெஸரை நம்பி இருக்காமல், மொத்த ஒலியளவான மாஸ்டர் கெயினை முதலிலேயே தாழ்த்தி வையுங்கள்.