எட்டுப் பேருக்கு ரெண்டு கிலோ கடாய்: சேலத்து வீட்டில் ஒரு பெஷாவர் விருந்து

பாகிஸ்தானின் பெஷாவர் நகரத்து நமக் மண்டி கடைத்தெருவில் கறிக் கடாயை, அதாவது கடாயில் வதக்கி அந்தப் பெயராலேயே சொல்லும் ஆட்டுக்கறியை, பிளேட் கணக்கில் கேட்பதில்லை, கிலோ கணக்கில்தான் சொல்வார்கள். தொங்குகிற ஆட்டில் வேண்டிய பகுதியைக் காட்டினால் வெட்டி, எடை போட்டு, சமைத்து, அடுப்பிலிருந்த கடாயையே மேசைக்குக் கொண்டுவருவார்கள். அதற்கு முக்கால் மணி நேரமாவது ஆகும். பிறகு தாத்தாவிலிருந்து பேரன்வரை எல்லோரும் சுற்றி உட்கார்ந்து, 'நான்' ரொட்டியைக் கிழித்து ஒரே கடாயில் தொட்டுச் சாப்பிடுவார்கள். இதைச் சேலத்து வீட்டில் செய்ய முடியும். கறி, கொழுப்பு, தக்காளி, பச்சை மிளகாய், உப்பு: அவ்வளவுதான் சாமான். வெங்காயம் கிடையாது, மசாலாத் தூள் கிடையாது, தண்ணீரும் கிடையாது.

பொருள் குறைவு என்பதால் கறி நன்றாக இருந்தே ஆக வேண்டும். அங்கே தும்பா எனும் கொழுத்த வால் செம்மறியைப் பயன்படுத்தி, அந்த வால் கொழுப்பிலேயே வதக்குவார்கள். நமக்கு மேச்சேரிச் செம்மறி இருக்கிறது. கறி அருமையானது, ஆனால் வாலில் கொழுப்பு இருக்காது. அதனால் கறிக்கடையில் கிலோவுக்கு 100 கிராம் கொழுப்பைத் தனியாகக் கேட்டு வாங்குங்கள். இளம் ஆடாக, தொடையும் சப்பையும் கலந்து, எலும்போடு வாங்க வேண்டும். 'பிரியாணிக்கு' என்று சொன்னால் பெரிய துண்டாகப் போட்டுவிடுவார்கள். 'வறுவலுக்கு' என்று சொல்லுங்கள். கிலோவுக்கு 25 துண்டு சரியாக இருக்கும். கழுவிய கறியை அரை மணி நேரம் வடிதட்டில் போட்டுவையுங்கள். ஈரக் கறி வதங்காது, வேகத்தான் செய்யும்.

எட்டுப் பேருக்கு 2 கிலோ கறி வேண்டும். அதை ஒரே கடாயில் போட்டுவிடுவதுதான் வீடுகளில் நடக்கும் முதல் தவறு. வீட்டு அடுப்பின் தீக்கு 2 கிலோ தாங்காது. கறி விடும் தண்ணீர் வற்றுவதற்குள் இன்னும் தண்ணீர் ஊறி, கறி வெளுத்து, அவித்ததுபோல ஆகிவிடும். ரெண்டு அடுப்பில் ரெண்டு கடாய் வையுங்கள். 12 அங்குல இரும்புக் கடாய், கடாய்க்கு ஒரு கிலோ. புதுக் கடாயில் தக்காளியை முதல் நாளே போட்டால் கறி கறுத்து இரும்பு வாடை அடிக்கும். சில நாள் எண்ணெயில் வதக்கல், பொரியல் செய்து பழக்கிய கடாயாக இருக்கட்டும்.

இனி ஒரு கடாய்க்கான கணக்கு. 100 கிராம் கொழுப்பைப் பொடியாக நறுக்கி, சிறு தீயில் பத்து நிமிடம் உருக்குங்கள். சக்கையை எடுத்துவிடுங்கள். கொழுப்பு பிடிக்காதவர்கள் 150 மில்லி கடலை எண்ணெயும் நெய்யும் கலந்து ஊற்றலாம். பெரிய தீயில் கறியையும் ஒன்றரை டீஸ்பூன் உப்பையும் போட்டு, சிவப்பு மாறி, தண்ணீர் வற்றி, ஓரம் பொன்னிறமாகும்வரை வதக்குங்கள். எட்டிலிருந்து பத்து நிமிடம் ஆகும். அப்போது சளசளவென்ற சத்தம் போய் பொரிகிற சத்தம் வரும். அது வரும்வரை தக்காளியைத் தொடாதீர்கள்.

முக்கால் கிலோ பழுத்த தக்காளியை ரெண்டாக வெட்டி, வெட்டுப் பக்கம் கீழே இருக்கும்படி கறியின்மேல் அடுக்கி மூடுங்கள். மிதமான தீயில் பத்து நிமிடத்தில் தோல் சுருங்கி மேலே எழும்பியிருக்கும். இடுக்கியால் பிடித்து இழுத்தால் முழுத் தோலும் கையோடு வந்துவிடும். இந்த வேலையைத் தவிர்க்க நினைக்காதீர்கள். அரைத்து ஊற்றிய தக்காளியில் இந்தப் பதம் வராது. பிறகு கரண்டியால் மசித்து, மூடி, சிறு தீயில் 30 முதல் 40 நிமிடம் வேகவிடுங்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கிளறுங்கள். தக்காளித் தண்ணீரே கறியை வேகவைக்கும். அடி பிடித்தால் மட்டும் கால் டம்ளர் வெந்நீர் விடலாம்.

எலும்பிலிருந்து கறி விலகியதும் மூடியை எடுத்துவிட்டுத் தீயை முழுதாகக் கூட்டுங்கள். குழந்தைகளுக்கான பங்கை இப்போதே தனியாக எடுத்து வைத்துவிடுங்கள். மிச்சத்தில் கீறிய பச்சை மிளகாய் எட்டைப் போட்டு, ஐந்து ஏழு நிமிடம் விடாமல் புரட்டுங்கள். தக்காளி கறியில் ஒட்டி, ஓரத்தில் கொழுப்பு பிரிந்து நின்றால் பதம். ஏற்காட்டு மிளகு இருந்தால் ஒன்றிரண்டாக இடித்து ஒரு டீஸ்பூன் தூவுங்கள். மேலே இஞ்சியை மெல்லிசாக நறுக்கிப் போடலாம்.

புளிப்பு தூக்கலாக இருந்தால் காரணம் ரெண்டில் ஒன்று: கடைசியில் வற்றியது போதவில்லை, அல்லது தக்காளி நாட்டுத் தக்காளி. நாட்டுத் தக்காளி என்றால் 600 கிராம் போதும். சர்க்கரை போட்டுச் சரிக்கட்ட வேண்டாம். சப்பென்று இருக்குமோ என்று பயந்து சோம்பு, பட்டை, மல்லித்தூள் சேர்த்தால் நல்ல ஆட்டுக்கறிக் குழம்பு கிடைக்கும், கடாய் கிடைக்காது.

ஏற்காட்டில் வீடெடுத்துத் தங்கிச் சமைப்பவர்களுக்கு ஒரு விஷயம். சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 95 டிகிரிக்குப் பக்கத்திலேயே கொதித்துவிடும். மூடி வேகவைக்கும் கறிக்குக் கால் மணி நேரமாவது கூடவே பிடிக்கும். குக்கரில் கால் டம்ளர் தண்ணீரோடு மூன்று விசில் விட்டு, பிறகு கடாயில் கொழுப்போடு வதக்கித் தக்காளி அடுக்குவது அங்கே புத்திசாலித்தனம். குக்கரில் மிஞ்சும் சாற்றைக் கொட்டாமல் கடாயிலேயே ஊற்றி வற்றவிடுங்கள்.

ரொட்டிக்குப் பரோட்டா வாங்கிவிடலாமே என்று தோன்றும். வேண்டாம். பரோட்டாவிலும் எண்ணெய், கடாயிலும் கொழுப்பு; நாலு வாயிலேயே திகட்டிவிடும். வீட்டிலேயே 'நான்' சுடலாம்: ஒரு கிலோ மைதா, 200 கிராம் தயிர், 2 டீஸ்பூன் உலர் ஈஸ்ட், 4 டீஸ்பூன் சர்க்கரை, 3 டீஸ்பூன் உப்பு, சுமார் 400 மில்லி வெதுவெதுப்பான தண்ணீர். கையில் லேசாக ஒட்டுகிற பதத்தில் பிசையுங்கள். சேலத்துச் சித்திரை வெயிலில் ஒரு மணி நேரத்தில் உப்பிவிடும். ஏற்காட்டு மார்கழிக் குளிரில் மூன்று மணி நேரம் விடுங்கள். 16 உருண்டையாக்கித் தேய்த்து, ஒரு பக்கம் தண்ணீர் தடவி, அந்த ஈரப் பக்கம் காய்ந்த இரும்புத் தோசைக்கல்லில் படும்படி ஒட்டுங்கள். மேலே குமிழ் வந்ததும் கல்லையே கவிழ்த்துத் தீயில் காட்டுங்கள். நான்-ஸ்டிக் கல்லில் ஒட்டாது, ரொட்டி அடுப்பில் விழுந்துவிடும். மைதா வேண்டாத வீட்டில் எண்ணெய் விடாத சப்பாத்தி போதும்.

சைவம் சாப்பிடுபவர்களுக்கு மாஷ் தால். நம் உளுத்தம்பருப்பேதான். தோல் நீக்கிய உடைத்த உளுந்து ஒரு டம்ளரை ஒரு மணி நேரம் ஊறவைத்து, திறந்த பாத்திரத்தில் மஞ்சள், உப்போடு வேகவையுங்கள். விரலில் நசுங்க வேண்டும், முழுதாகவும் நிற்க வேண்டும். கொஞ்சம் தாண்டினாலும் கொழகொழத்துவிடும், அதனால் பக்கத்திலேயே நில்லுங்கள். வடித்து, நெய்யில் சீரகம், இஞ்சி, பச்சை மிளகாய், தக்காளி வதக்கிப் புரட்டுங்கள். கறிக் கரண்டி இதில் படக்கூடாது.

எட்டு மணிக்குச் சாப்பாடு என்றால் ஆறரைக்கு மாவு பிசைந்துவிடுங்கள், ஆறே முக்காலுக்குக் கடாய் அடுப்பில் இருக்க வேண்டும். வெள்ளரி, முள்ளங்கி, வெங்காய வட்டம், எலுமிச்சைத் துண்டு, புதினாத் தயிர் எல்லாம் ஏழரைக்கே மேசைக்குப் போகட்டும். பசியோடு இருக்கும் பிள்ளைகளுக்கு அது போதும். ரொட்டி சுடுபவரும் உட்கார்ந்து சாப்பிட வேண்டும், ஆகையால் பாதி ரொட்டியை முன்னாலேயே சுட்டுத் துணியில் சுற்றி வைத்துவிட்டு, மீதியை ஆள் மாற்றி ஆள் சுடுங்கள். கடாயைத் தடித்த மரப்பலகைமேல் நடுவில் வையுங்கள், பிடி குழந்தைகள் பக்கம் இருக்கக் கூடாது. மிச்சத்தை அன்றிரவே எவர்சில்வர் பாத்திரத்துக்கு மாற்றிவிடுங்கள். தக்காளிப் புளிப்பு ராத்திரி முழுக்க இரும்பில் நின்றால் காலையில் வாயில் வைக்க முடியாது.

கடைசியில் தூத் பத்தி எனும் பால் டீ. தண்ணீர் சேர்க்காமல் ஒரு லிட்டர் பாலில் 6 டீஸ்பூன் டீத்தூள், 4 ஏலக்காய், சர்க்கரை போட்டு, பத்து நிமிடம் சிறு தீயில் பொங்கப் பொங்க ஆற்றிக் காய்ச்சினால் எட்டு டம்ளர் வரும்.