வெப்கேம் வைத்து மல்டிடச் பலகை: எங்கே சறுக்கும், ஏன் சறுக்கும்

பல விரல்கள் ஒரே நேரத்தில் தொடுவதை உணரும் பலகைதான் மல்டிடச் பலகை. அக்ரிலிக் தகட்டின் ஓரங்களில் அகச்சிவப்பு எல்.இ.டி.களை வரிசையாக வைத்தால், ஒளி தகட்டுக்குள்ளேயே முழு அக எதிரொளிப்பில் சுற்றிக்கொண்டிருக்கும். விரல் படும் இடத்தில் மட்டும் அது சிதறி வெளியே வரும். அடியில் இருக்கும் வெப்கேமுக்கு அந்த இடம் வெள்ளைப் புள்ளியாகத் தெரியும். ஆய்வாளர் ஜெஃப் ஹான் 2005-இல் இந்த முறையை வெளியிட்ட பிறகு வீட்டிலேயே செய்துபார்ப்பவர்கள் பெருகினார்கள். பலகை ஒழுங்காக வேலை செய்யவில்லை என்றால் பலரும் முதலில் மென்பொருளைத்தான் நோண்டுகிறார்கள். கோளாறு பெரும்பாலும் அங்கே இருக்காது. வடிகட்டாத மூலப் படத்தைத் திறந்து பாருங்கள்: விரல் தொட்ட இடம் பளிச்சென்றும், ஒரு செ.மீ. மேலே நிற்கும் விரல் அநேகமாகத் தெரியாமலும் இருக்க வேண்டும். அப்படி இல்லாத படத்தை எந்த மென்பொருளாலும் தேற்ற முடியாது.

கேமராவின் கண்ணைத் திறக்காமல் விடுவது

சாதாரண வெப்கேமில் அகச்சிவப்பைத் தடுக்கும் சிறு கண்ணாடிச் சில்லு ஒன்று, லென்ஸுக்குப் பின்னால் ஒட்டப்பட்டிருக்கும். சாய்த்துப் பார்த்தால் சிவப்பு அல்லது இளநீலச் சாயல் தெரியும். அதை எடுக்காவிட்டால் ஐம்பது எல்.இ.டி. போட்டாலும் படம் இருட்டுதான். சில மாடல்களில் தனிச் சில்லு கிடையாது, லென்ஸின் மேலேயே பூச்சு இருக்கும். சுரண்டினால் லென்ஸ் பாழாகும், லென்ஸையே மாற்ற வேண்டும். அதனால் வாங்கும்போதே லென்ஸைத் திருகிக் கழற்ற முடிகிற கேமராவாகப் பாருங்கள். இந்த வேலைக்குப் பலரும் தேடிப்போகும் ‘பிஎஸ்3 ஐ’ (PS3 Eye, பிளேஸ்டேஷன் 3-க்கான கேமரா) 640×480 அளவில் நொடிக்கு 60 படம் தரும்.

சில்லை எடுத்ததும் ஃபோகஸ் தவறிவிடும். கண்ணாடியின் தடிமன் போய்விட்டது. அகச்சிவப்பு ஒளி குவியும் தூரமும் கண்ணுக்குத் தெரியும் ஒளியிலிருந்து சற்று மாறுபடும். அறை விளக்கில் ஃபோகஸ் செய்துவிட்டுப் பெட்டியை மூடுவதுதான் இங்கே வழக்கமான தவறு. அகச்சிவப்பு ஒளி மட்டும் விழும்போது, பலகை மேல் அச்சடித்த எழுத்தை வைத்து ஃபோகஸை மறுபடி திருப்புங்கள்.

அடுத்து, கண்ணுக்குத் தெரியும் ஒளியைத் தடுக்க வேண்டும். எல்.இ.டி.யின் 850 நானோமீட்டர் ஒளியை மட்டும் உள்ளே விடும் பேண்ட்பாஸ் ஃபில்டர் நல்லது. ஆனால் அகலக் கோண லென்ஸுக்கு முன்னால் வைத்தால், ஓரங்களில் ஒளி சாய்வாக விழுவதால் ஃபில்டர் விடும் அலைநீளம் குறைந்து, மூலைகள் மங்கும். கழுவிய கலர் ஃபிலிமின் கருத்த நுனியை இரண்டு அடுக்காக வைத்தாலும் போதும். கறுப்பு வெள்ளை ஃபிலிம் உதவாது. அதில் இருக்கும் வெள்ளி அகச்சிவப்பையும் சேர்த்துத் தடுத்துவிடும்.

விளக்கு வரிசை

ரிமோட்டில் இருக்கும் 940 நானோமீட்டர் எல்.இ.டி. கையில் இருக்கிறதே என்று அதையே போடாதீர்கள். வெப்கேம் சென்சார் அந்த அலைநீளத்தில் வெகுவாக மந்தமாகிவிடும். 850-க்குப் போங்கள், எரியும்போது மெல்லிய சிவப்பு தெரிந்தால் பெரும்பாலும் 850-தான். 25 மி.மீ. இடைவெளி ஒரு நல்ல தொடக்கம்.

எல்லா எல்.இ.டி.களையும் பக்கஇணைப்பில் போட்டு ஒரே ரெசிஸ்டரை மாட்டுவது அடுத்த தவறு. ஒன்று கூடுதலாக மின்னோட்டம் இழுத்துச் சூடாகும், சூடானது இன்னும் அதிகமாக இழுக்கும், பிறகு வரிசையாகப் போய்ச் சேரும். ஒவ்வொன்றும் சுமார் 1.4 வோல்ட் எடுக்கும் என்றால், 12 வோல்ட்டில் 7 எல்.இ.டி. தொடரில் 9.8 வோல்ட், மிச்சம் 2.2 வோல்ட். 47 ஓம் ரெசிஸ்டர் போட்டால் ஏறக்குறைய 47 மில்லிஆம்பியர் ஓடும், கால் வாட் ரெசிஸ்டர் தாங்கும். இப்படி ஒவ்வொரு வரிசைக்கும் தனி ரெசிஸ்டர் வேண்டும். எட்டாவது எல்.இ.டி.யைச் சேர்க்கும் ஆசை வரும். சேர்த்தால் ரெசிஸ்டருக்கு மிஞ்சுவது 0.8 வோல்ட்தான், அடாப்டர் கொஞ்சம் ஏறி இறங்கினாலும் மின்னோட்டம் தாறுமாறாகும். படத்தில் பட்டை பட்டையாக ஓடினால் அடாப்டரைச் சந்தேகியுங்கள்: சீராக்காத மின்சாரத்தில் எல்.இ.டி. துடிக்கும்.

850 ஒளிக்குக் கண் இமைக்காது. எரியும் வரிசையை அருகில் வைத்து உற்றுப் பார்க்க வேண்டாம், மொபைல் கேமரா வழியாகப் பாருங்கள். லேசரை வைத்துச் செய்யும் முறையும் உண்டு. முதல் பலகைக்கு அது வேண்டாம்.

அக்ரிலிக்

10 மி.மீ. தகடு போதும். அறுத்தபடியே விட்ட ஓரம் சொரசொரப்பாக இருப்பதால் ஒளி உள்ளே போவதற்கு முன்பே சிதறிவிடும். 400 எண் உப்புத்தாளில் தொடங்கி 2000 எண் வரை தண்ணீர் விட்டுத் தேய்த்து, பாலிஷ் போடுங்கள். மேல் கீழ் பாதுகாப்புத் தாளைக் கடைசிவரை உரிக்காதீர்கள்; ஒவ்வொரு கீறலும் படத்தில் நிரந்தரத் தொடுகையாக ஒளிரும். ஆல்கஹால் கலந்த திரவத்தால் துடைத்தால் நுண்விரிசல் விழலாம். சோப்புத் தண்ணீரே போதும்.

வெறும் அக்ரிலிக்கில் ஈர விரல் பிரமாதமாகத் தெரியும், உலர்ந்த விரல் தெரியவே தெரியாது. டிரேசிங் தாளின் ஒரு பக்கத்தில் சிலிக்கோனை ரோலரால் மெல்லிசாகத் தடவி, காய்ந்ததும் அந்தப் பக்கம் கீழே இருக்கும்படி விரித்தால் இந்தச் சிக்கல் தீரும். பரப்பு நுண்ணிய மேடு பள்ளமாக இருக்க வேண்டும். கண்ணாடிபோல் வழவழப்பாகத் தடவினால் சிலிக்கோன் அக்ரிலிக்கோடு ஒட்டிக்கொள்ளும். விரலை எடுத்த பிறகும் தடம் ஒளிர்ந்துகொண்டே இருக்கும்.

உயரமும் அமைப்புகளும்

கேமராவை எவ்வளவு தள்ளி வைப்பது என்று கண்ணால் மதிப்பிட்டுப் பெட்டி செய்துவிட்டு, பிறகு மூலைகள் தெரியவில்லை என்று தவிப்பார்கள். பலகை அகலத்தில் பாதியை, லென்ஸின் பார்வைக் கோணத்தில் பாதியின் டேன் (tan) மதிப்பால் வகுங்கள். 60 செ.மீ. பலகை, 50 பாகை லென்ஸ் என்றால் 64 செ.மீ. அந்த அளவில் 640 பிக்சல் படத்தில் ஒரு செ.மீ.க்கு சுமார் 10 பிக்சல் கிடைக்கும், விரல்நுனிக்கு அது தாராளம். 320 என்றால் 5 தான். நெருங்கிய இரு விரல்கள் ஒன்றாகிவிடும்.

ஒளி வாங்கும் நேரத்தைக் கேமரா தானாக மாற்றும் ஆட்டோ எக்ஸ்போஷரையும், சிக்னலைத் தானாகப் பெருக்கும் ஆட்டோ கெயினையும் அணைக்க மறந்தால் மற்ற எல்லா உழைப்பும் வீண். படம் பெரும்பாலும் கறுப்பு என்பதால், கேமரா தானாக எக்ஸ்போஷரை நீட்டிக்கொள்ளும். படங்களின் எண்ணிக்கை பாதியாகும், விரலுக்குப் பின்னால் புள்ளி இழுபடும். கை முழுவதையும் வைத்தால் வெளிச்சம் கூடியதென்று அதே கேமரா படத்தை மங்கவைக்கும். அப்போது நீங்கள் பார்த்துப் பார்த்து வைத்த த்ரெஷோல்ட் (எவ்வளவு பளிச்சென்றிருந்தால் தொடுகை என்ற வரம்பு) பயனற்றுப்போகும்.

வெயிலிலும் பழைய குண்டு பல்பிலும் அகச்சிவப்பு ஏராளம், ஜன்னலோரம் வேண்டாம். பின்னணியைத் தானாகக் கற்கும் வசதியை வேகமாக வைத்தால், அசையாமல் ஊன்றிய விரலும் சில நொடிகளில் பின்னணியாகிக் காணாமல் போகும். கேமராப் படத்தின் இடங்களைப் பலகையின் இடங்களோடு பொருத்தும் காலிபரேஷனைக் கேமராவை இறுக்கிய பிறகே செய்யுங்கள்; அகல லென்ஸ் படத்தை வளைப்பதால் நான்கு மூலைப் புள்ளிகள் போதாது.

புள்ளிகள் சரியாக வந்தும் செயலி அசையவில்லையா? தொடுகைத் தகவலைச் செயலிக்குக் கொண்டுபோகும் டியூஐஓ (TUIO) நெறிமுறையின் தரவு வழக்கமாக யுடிபி (UDP) 3333 போர்ட்டில் போகும். ஃபயர்வால் அதை மறித்திருக்கலாம், அல்லது மூடாமல் விட்ட இன்னொரு செயலி அந்தப் போர்ட்டைப் பிடித்து வைத்திருக்கலாம்.