தைராய்டு மாத்திரையும் அயோடினும்: புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

ரிப்போர்ட்டில் டிஎஸ்ஹெச் கூடியிருக்கிறது, டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டார். வீட்டுக்கு வந்ததும் யாராவது ஒருவர், "தைராய்டா? உடம்புல அயோடின் பத்தல, அதான். அயோடின் கேப்சூல் வாங்கிப் போடு" என்பார். அந்தக் கேப்சூலை வாங்குவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். மாத்திரை வேலை செய்யவில்லை என்று சொல்பவர்களில் பலருக்குக் குறை அயோடினில் இல்லை. காலையில் மாத்திரைக்கும் காபிக்கும் நடுவே விடும் இடைவெளியில்தான் இருக்கிறது.

1. ரிப்போர்ட்டைப் பாருங்கள்

தைராய்டு சுரப்பி சோம்பினால் மூளையடியில் இருக்கும் பிட்யூட்டரி என்ற சுரப்பி அதை அதட்டும். அந்த அதட்டலின் அளவுதான் டிஎஸ்ஹெச். அதனால்தான் தைராய்டு குறையும்போது இந்த எண் ஏறுகிறது. "எனக்கு டிஎஸ்ஹெச் 12, ரொம்ப அதிகம், அப்போ தைராய்டு அதிகமா சுரக்குதா?" என்று குழம்புபவர்கள் நிறைய. இல்லை, தலைகீழ்.

பெரியவர்களுக்கு ஏறத்தாழ 0.4 முதல் 4 வரை இயல்பு என்று லேப்கள் போடும். லேபுக்கு லேப் எல்லை சற்று மாறும். ரிப்போர்ட்டில் ஆன்டி டிபிஓ என்ற வரி இருந்து அதுவும் கூடியிருந்தால், உடம்பின் எதிர்ப்புச் சக்தியே சுரப்பியைத் தாக்குகிறது என்று பொருள். 1912இல் இதை விவரித்த ஜப்பானிய மருத்துவர் ஹாஷிமோட்டோவின் பெயரால் இந்த நோயை அழைக்கிறார்கள். அயோடின் உப்பு பரவலாகக் கிடைக்கும் இடங்களில் தைராய்டு குறைவுக்கு முதல் காரணம் இதுதான்.

குடியாத்தம் பக்கம் தறி முறிந்து கிடக்கும் வீட்டில் யாரும் நூல் வாங்கி அடுக்க மாட்டார்கள். அயோடின் நூல், சுரப்பி தறி. தறி கெட்டிருக்கும்போது நூலைக் கூட்டினால் லுங்கி வராது.

2. அயோடினைக் கணக்குப் போடுங்கள்

பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 150 மைக்ரோகிராம் போதும். கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மார்களுக்கும் 250. நம் நாட்டில் அயோடின் உப்பு வாங்குபவர் கைக்கு வரும்போது அதில் குறைந்தது 15 பிபிஎம் இருக்க வேண்டும், அதாவது ஒரு கிராம் உப்பில் 15 மைக்ரோகிராம். நாளைக்கு 5 கிராம் உப்பு என்றால் 75, 8 கிராம் என்றால் 120. சமைக்கும்போது கொஞ்சம் போகும். பால், தயிர், முட்டை, கடல் மீன் மீதியை ஈடுகட்டும்.

இதை யாரும் சொல்வதில்லை: நீங்கள் விழுங்கும் தைராய்டு மாத்திரையிலேயே அயோடின் இருக்கிறது. மாத்திரையின் மருந்தான தைராக்சின் மூலக்கூறு ஒவ்வொன்றிலும் நான்கு அயோடின் அணுக்கள், எடையில் ஏறத்தாழ 65 சதவீதம். 100 மைக்ரோகிராம் மாத்திரை போடுபவருக்கு அதிலிருந்தே 60 மைக்ரோகிராமுக்கு மேல் வந்துவிடும்.

இதற்கு மேல் சொட்டு மருந்தாக விற்கும் லூகோல் அயோடினைப் பாருங்கள். 5 சதவீதக் கரைசலில் ஒரு சொட்டுக்கு ஏறக்குறைய 6 மில்லிகிராம் அயோடின், நாள் தேவையைப் போல 40 மடங்கு. கடற்பாசி மாத்திரைகளில் அளவு ஒவ்வொரு தயாரிப்புக்கும் தாறுமாறாக மாறும். அயோடின் திடீரென்று வெள்ளமாக வந்தால் சுரப்பி தன் உற்பத்தியை நிறுத்திக்கொள்ளும். நல்ல சுரப்பி சில நாளில் மீண்டும் ஓடத் தொடங்கும். ஹாஷிமோட்டோ தாக்கிய சுரப்பி அப்படியே நின்றுவிடக்கூடும். அயோடின் போட்ட பிறகு டிஎஸ்ஹெச் இன்னும் ஏறுவது இதனால்தான்.

பிறகு ஏன் அயோடின் என்ற பேச்சு நம்மிடம் இவ்வளவு ஊன்றிப்போனது? காரணம் உண்டு. அயோடின் பற்றாக்குறையால் முன்கழுத்துக் கழலை பரவலாக இருந்த நாடு இது. 1956இல் இமாச்சலத்தின் காங்ரா பள்ளத்தாக்கில் மருத்துவ ஆய்வாளர் வி. ராமலிங்கஸ்வாமி குழுவினர் தொடங்கிய ஆய்வு அயோடின் உப்பால் கழலை குறைவதைக் காட்டியது. 1962இல் தேசியத் திட்டம் வந்தது. அந்தக் காலத்துக்கு அந்தப் பேச்சு சரி.

அயோடின் உண்மையிலேயே குறையக்கூடியவர்கள் இன்றும் இருக்கிறார்கள். ஜாடியில் கல் உப்பு மட்டும் கொட்டி வைத்திருப்பவர்கள், இந்துப்புக்கு மாறியவர்கள். இந்துப்பு உசத்தி என்று காசு கொடுத்து வாங்குகிறோம், அதில் அயோடின் சேர்ப்பதில்லை. கல் உப்பிலும் அயோடின் கலந்த பாக்கெட் கிடைக்கிறது, அட்டையைப் படித்து வாங்குங்கள். வீட்டில் இருக்கும் உப்பில் அயோடின் உண்டா என்று பார்க்க ஓர் எளிய வழி: உருளைக்கிழங்கை இரண்டாக வெட்டி, வெட்டிய பக்கத்தில் உப்பைத் தடவி, ஒரு நிமிடம் விட்டு, இரண்டு சொட்டு எலுமிச்சைச் சாறு விடுங்கள். நீலம் ஏறினால் அயோடின் உண்டு. எவ்வளவு என்று இது சொல்லாது. உப்பை மூடிய டப்பாவில், அடுப்பை விட்டுத் தள்ளி வையுங்கள். குழம்பு இறக்கும் நேரத்தில் போடுங்கள்.

3. மாத்திரை அளவைச் சரிபாருங்கள்

தைரோநார்ம், எல்ட்ராக்சின் என்று எந்தப் பெயரில் வந்தாலும் உள்ளே இருப்பது லெவோதைராக்சின், மேலே சொன்ன தைராக்சின்தான். 12.5, 25, 50, 75, 88, 100 என்று பல அளவுகள், எல்லாம் மைக்ரோகிராமில். டப்பாவில் 0.1 மில்லிகிராம் என்றிருந்தால் அது 100 மைக்ரோகிராம்.

சுரப்பி முழுவதும் ஓய்ந்துவிட்டவருக்கு கிலோவுக்கு 1.6 மைக்ரோகிராம் என்பது பொதுக் கணக்கு. 60 கிலோ எடைக்கு 100 அளவில் வரும். வயதானவர்களுக்கும் இதய நோய் உள்ளவர்களுக்கும் 12.5 அல்லது 25இல் தொடங்கி மெல்ல ஏற்றுவார்கள், எடுத்த எடுப்பில் கூட்டினால் இதயம் தாங்காது. பக்கத்து வீட்டு அக்காவுக்கு 100 எழுதியிருக்கிறார்கள், எனக்கு 25தானே என்று நீங்களாக ஏற்ற வேண்டாம்.

மெடிக்கலில் "அந்தக் கம்பெனி இல்ல, இதுவும் அதேதான்" என்று வேறு பெயரில் கொடுத்தால், முடிந்தவரை பழைய பெயரையே கேளுங்கள். மாற்றித்தான் ஆக வேண்டுமென்றால் டாக்டரிடம் சொல்லி, ஆறு வாரம் கழித்து டிஎஸ்ஹெச் பார்த்துவிடுங்கள்.

4. விழுங்கும் நேரம்

எழுந்ததும், வெறும் வயிற்றில், ஒரு டம்ளர் வெறும் தண்ணீரோடு. அதற்குப் பிறகு குறைந்தது அரை மணி, முடிந்தால் ஒரு மணி நேரம் வாயில் எதுவும் போடாதீர்கள்.

இங்கேதான் எல்லாம் கெடுகிறது. ஐந்தரைக்கு எழுந்து, பால் வந்து, டிக்காஷன் இறங்கி, மாத்திரையை வாயில் போட்டு அந்த டபரா காபியாலேயே விழுங்குபவர்கள் உண்டு. காபி, குடலில் மருந்து ஏறுவதைக் குறைக்கும். பாலில் இருக்கும் கால்சியம் மருந்தோடு ஒட்டிக்கொண்டு அதை உள்ளே விடாது. மாத்திரை தினமும் போடுகிறார், டிஎஸ்ஹெச் இறங்கவில்லை, அளவை ஏற்றுகிறார்கள். பிறகு ஒரு நாள் காபியைத் தள்ளிக் குடிக்கத் தொடங்கினால் ஏற்றிய அளவு அதிகமாகிப் படபடப்பு வருகிறது.

காலையில் காபியை ஒத்திப்போட முடியாது என்பவர்கள் இரவுக்கு மாறலாம். கடைசியாகச் சாப்பிட்டு மூன்று மணி நேரம் கழித்து, படுக்கும்போது. ஆனால் படுக்கும் முன் பால் குடிக்கும் வழக்கம் இருந்தால் இந்த வழி உங்களுக்குச் சரிவராது. டாக்டரிடம் சொல்லிவிட்டு மாறுங்கள்.

ரமலானில் ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம் பக்கம், நோன்பு வைத்தால் எப்போது போடுவது என்று வரும் கேள்விக்கும் இதே கணக்குதான். நோன்பு தொடங்கும் முன் சாப்பிடும் சஹர் சாப்பாட்டுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன் எழுந்து போடலாம், அல்லது இரவு கடைசியாகச் சாப்பிட்டு மூன்று மணி நேரம் கழித்துப் போடலாம். நோன்புக் கஞ்சியோடு சேர்த்துப் போட்டால் பாதி வீண்.

5. மற்ற மாத்திரைகளைத் தள்ளி வையுங்கள்

கால்சியம், இரும்புச் சத்து, வயிற்றெரிச்சலுக்குக் குடிக்கும் ஆன்டாசிட் மூன்றுக்கும் தைராய்டு மாத்திரைக்கும் நடுவே 4 மணி நேரம் வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரும்பு மாத்திரையும் கால்சியமும் வாங்கும் கர்ப்பிணிகளுக்கு இது கட்டாயம், அதோடு இரும்பும் கால்சியமும் ஒன்றோடொன்றும் சேரக்கூடாது. ஒரு மாதிரி அட்டவணை:

காலை 5.30: தைராய்டு மாத்திரை, தண்ணீர்
6.30: காபி
8.30: டிபன்
மதியம் 1.30: சாப்பாட்டோடு கால்சியம்
மாலை 5: இரும்பு மாத்திரை
இரவு 8.30: சாப்பாட்டோடு இரண்டாவது கால்சியம்

கேஸுக்கு என்று பான்டோபிரசோல் மாதக்கணக்கில் போடுபவர்கள் அதை டாக்டரிடம் சொல்லுங்கள், வயிற்று அமிலம் குறைந்தாலும் தைராய்டு மருந்து ஏறுவது குறையும்.

கர்ப்பம் உறுதியானால் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்க வேண்டாம், அன்றே டாக்டரை அழையுங்கள். தேவை முதல் வாரங்களிலேயே 25 முதல் 30 சதவீதம் ஏறும். வாரத்துக்கு ஏழு மாத்திரை போடுபவரை ஒன்பது போடச் சொல்வது பொதுவான முறை. முதல் மாதங்களில் வயிற்றுக் குழந்தையின் மூளைக்கு வேண்டிய தைராக்சின் தாயிடமிருந்துதான் போகிறது.

6. கோஸும் கேவுரும்

தைராய்டுக்கு இவை ஆகாது என்பார்கள், இதில் பயம்தான் அதிகம். முட்டைக்கோஸ், காலிஃபிளவர் வெந்தபின் அளவாகச் சாப்பிடத் தடையில்லை. கம்பில் தைராய்டைத் தடுக்கும் பொருள் உண்டு, அயோடினும் குறைவாக இருந்து மூன்று வேளையும் கம்பே சாப்பிட்டால்தான் சிக்கல். ஆடி மாதக் கூழை விட வேண்டாம். கேவுரில், அதாவது கேழ்வரகில், கால்சியம் நிறைய, அதனால் கூழோ களியோ மாத்திரைக்கு ஒரு மணி நேரத்துக்குப் பிறகு. சோயா தினமும் சாப்பிடுபவர் அதே அளவில் சாப்பிட்டு வந்தால் போதும், மருந்தளவை அதற்கேற்ப வைத்துக்கொள்வார்கள்.

7. ரத்தம் கொடுக்கும் நாள்

அளவு மாற்றி 6 முதல் 8 வாரம் கழித்துத்தான் டிஎஸ்ஹெச் பார்க்க வேண்டும். தைராக்சின் ரத்தத்தில் பாதியாகக் குறைய ஏறத்தாழ ஒரு வாரம் ஆகும். புதிய அளவு உடம்பில் நிலைபெற ஐந்தாறு வாரம் வேண்டும். இரண்டாவது வாரமே பார்த்துவிட்டு "இறங்கலையே" என்று கவலைப்படுவது காசுக்குக் கேடு.

அன்று மாத்திரையைக் கையில் கொண்டுபோய், ரத்தம் கொடுத்த பிறகு விழுங்குங்கள். முன்பே போட்டால் டிஎஸ்ஹெச் மாறாது, ஆனால் ரத்தத்தில் இருக்கும் தைராக்சினைக் காட்டும் ஃப்ரீ டி4 சில மணி நேரத்துக்குக் கூடுதலாகக் காட்டும். ஒவ்வொரு முறையும் அதே லேப், அதே காலை நேரம்.

முடி கொட்டுகிறது என்று பயோட்டின் வைட்டமின் போடுபவர்கள் கவனியுங்கள். தைராய்டு குறைந்தாலே முடி கொட்டும், அதனால் இரண்டையும் சேர்த்துப் போடுபவர்கள் பலர். பல லேப் இயந்திரங்களில் பயோட்டின் டிஎஸ்ஹெச்சைப் பொய்யாக இறக்கியும் ஃப்ரீ டி4ஐப் பொய்யாக ஏற்றியும் காட்டும். அதை நம்பி மருந்தைக் குறைத்தால் மறுபடி சோர்வு. பரிசோதனைக்குக் குறைந்தது இரண்டு நாள் முன் பயோட்டினை நிறுத்துங்கள்.

8. எப்போது ஓட வேண்டும்

நெஞ்சு படபடப்பு, கை நடுக்கம், தூக்கமின்மை, காரணமில்லாமல் எடை இறங்குவது ஆகியவை அளவு கூடிப்போனதற்கான அறிகுறிகள். அந்த வாரமே டாக்டரைப் பாருங்கள். நெஞ்சு வலி என்றால் அப்போதே. மாத்திரையை நிறுத்திவிட்ட வயதானவர் உடம்பு சில்லிட்டு, எழுப்பினாலும் எழாமல் அசதியாகக் கிடந்தால் 108ஐ அழையுங்கள்.

ஒரு நாள் மறந்துவிட்டால், அன்றே வயிறு காலியாக இருக்கும் நேரம் பார்த்துப் போடலாம். அடுத்த நாள் இரண்டாகப் போடலாமா என்பதை டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். இதய நோயாளிகள் தாங்களாக இரண்டு போடவே கூடாது.

9. டப்பா

இந்த மருந்துக்கு வெயிலும் ஈரமும் ஆகாது. வேலூர் அக்னி நட்சத்திரத்தில் ஸ்கூட்டர் டிக்கியில் அரை நாள் கிடந்த டப்பாவின் மருந்தை நம்ப வேண்டாம். ஜன்னல் ஓரம், அடுப்பு மேடை, ஃபிரிட்ஜின் தலை, குளியலறை எதுவும் வேண்டாம். உள்ளறை அலமாரியில், வந்த டப்பாவிலேயே, உள்ளே இருக்கும் ஈரம் உறிஞ்சும் பையை எறியாமல் வையுங்கள்.

டப்பாவைத் திறந்த தேதியை மூடியில் பேனாவால் எழுதுங்கள். 120 மாத்திரை டப்பா என்றால் 120ஆவது நாள் காலியாக வேண்டும். பதினைந்து மிச்சம் இருந்தால் பதினைந்து நாள் மறந்திருக்கிறீர்கள். டிஎஸ்ஹெச் ஏறியிருக்கிறது என்று டாக்டர் அளவைக் கூட்டப் போகும்போது, அந்த எண்ணிக்கையை முதலில் அவரிடம் சொல்லுங்கள்.